வீணை சென்ற வழி



வரலாறு என்றதும் மன்னர்களின் போர்களும் அவர்கள் ஆண்ட ஆண்டுகளுமே முதலில் உங்கள் நினைவுக்கு வரும். அவற்றைக் கற்பது இன்றியமையாததே. ஆயினும், ஒரு பொருள் தான் பிறந்த இடத்திலிருந்து தன்னைப் பயன்படுத்துவோர் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்று கேட்பதும் வரலாறுதான். உப்புக்கும் மிளகுக்கும் பருத்திக்கும் அத்தகைய வரலாறு உண்டு. இசைக்கருவிகளுக்கும் உண்டு. பெரிய கருவிகள் ஊர் விட்டு ஊர் சென்ற அக்கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், கொண்டு செல்ல வழியில்லாத கருவி பெருவழக்குப் பெறுவது அரிது. இதுவே நான் கூறப் புகும் செய்தி.

நான் வாழும் வடக்குத்து, கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஊர். பண்ருட்டியிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் பெருஞ்சாலை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. பண்ருட்டியின் பலாப்பழத்தை அறியாதார் இல்லை. ஆனால் பழம் தரும் அம்மரமே இசையும் தருகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தஞ்சாவூர் வீணைக்கும், மிருதங்கத்துக்கும், தவிலுக்கும் பலாமரமே உடல். சாலையின் ஒரு முனையில் மரம். மறுமுனையில் அதனை வீணையாக்கும் கைவினைஞர். எங்கள் ஊர் இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. ஆகவே இந்தக் கதையைச் சொல்ல வடக்குத்து பொருத்தமான இடமே.

கருவியைச் சுமந்து வழிநடத்தல் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் செல்லுமாறு கூத்தரை ஆற்றுப்படுத்தும் நூல். அந்தச் செங்கண்மாவே இன்றைய செங்கம் என்பர். அந்நூலின் தொடக்கத்தில் முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல், பதலை எனப் பல கருவிகள் எண்ணப்படுகின்றன. கூத்தர் அவற்றைப் பைகளில் இட்டு, காவடித் தண்டின் இருபுறமும் எடை ஒத்திருக்கும்படி கட்டித் தூக்கிச் செல்கின்றனர். அந்தப் பைகள் பலா மரத்தில் காய்த்துத் தொங்கும் கொத்துகள் போல் இருந்தனவாம்! அந்தப் பைக்குப் புலவர் வழங்கும் பெயர் கலப்பை. இன்று கலப்பை என்றால் உழுகருவியை நினைக்கிறோம். அங்கே அது கலங்களை, அதாவது இசைக்கருவிகளை, இட்ட பை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அண்மையான அக்காலத்திலேயே கருவியைக் காக்கும் உறைக்குத் தனியொரு சொல் இருந்தது என்றால், அத்தொழிலில் நம் முன்னோர் கொண்ட கருத்து விளங்கும் அன்றோ?

தோளில் தூக்க முடியாத கருவிகளின் நிலை என்ன? திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் பஞ்சமுக வாத்தியம் என்னும் கருவி உண்டு. குடமுழா என்றும் அதனைக் கூறுவர். வெண்கலத்தால் ஆன பெரிய குடத்தில் ஐந்து வாய்கள். ஒவ்வொன்றுக்கும் தோல் போர்த்தப்பட்டிருக்கும். ஐந்து முகமும் ஐந்து வேறு ஒலி தரும். இதனை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்ல இயலாது. கேட்க விரும்புவோர்தாம் கருவி இருக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும். அக்கோயிலைச் சார்ந்த பரம்பரையினரே அதனை வாசித்து வந்தனர். மிருதங்கமோ மாட்டுவண்டியிலும் புகைவண்டியிலும் ஏறிற்று. ஊர்தோறும் அதற்கு மாணவர் தோன்றினர். ஒரு கருவி நின்ற இடத்திலேயே நின்றது. மற்றொன்று நாடெங்கும் பரவியது. இந்த வேறுபாட்டுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் பயணமும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

இனி வீணைக்கு வருவோம். தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில், இருபத்து நான்கு மெட்டுகள் நிலையாகப் பதிக்கப்பெற்ற இன்றைய வீணை உருப்பெற்றது என்பர் இசை வரலாற்றறிஞர். அவ்வீணையின் உறுப்புகளைத் தெரிந்துகொண்டால்தான் அதன் பயணத்தின் அருமை புலப்படும். ஏறத்தாழ நான்கு அடி நீளம். ஒரு பக்கம் பருத்த குடம்; நடுவில் தண்டி; மறு பக்கம் வளைந்த கழுத்தும் யாளி முகமும். தண்டியின் அடியில் சுரைக்காய். மேலே ஏழு தந்திகள், அவற்றை முறுக்கப் பிரடைகள், குடத்தின்மேல் குதிரை. மெட்டுகளோ மரத்தில் ஆணியடித்துப் பொருத்தப்படுவன அல்ல. கரித்தூள் கலந்த மெழுகில் பதிக்கப்படுவன. இந்த உருவத்தை நன்கு கவனியுங்கள். ஒரு புறம் பருத்தது, மறுபுறம் மெலிந்தது, எந்தப் பக்கம் கிடத்தினாலும் ஏதோ ஓர் உறுப்பு தரையில் இடிக்கும். வீணை தூக்குவதற்கு எளிது; வைப்பதற்குத்தான் கடினம்.

குடம், தண்டி, கழுத்து அனைத்தையும் ஒரே மரத்துண்டில் குடைந்து செய்வதை ஏகாண்ட வீணை என்பர். தனித்தனியே செய்து இணைப்பது ஒட்டு வீணை. ஏகாண்ட வீணைக்கு நீண்டு பருத்த, பிளவில்லாத மரம் வேண்டும். அத்தகைய மரத்தை வெட்டி, உலர்த்தி, பண்ருட்டிப் பக்கத்திலிருந்து தஞ்சைக்குக் கொண்டு செல்ல 130 கிலோமீட்டருக்கு மேல் வழி. மாட்டுவண்டியின் காலத்தில் அது பல நாள் பயணம். மரம் குலுங்கினால் கேடில்லை. மரம் வீணையாகித் திரும்பும்போது ஒவ்வொரு குலுக்கலும் கேடு. வைக்கோல் பரப்பி, அதன்மேல் கருவியைக் கிடத்தி, பக்கத்தில் ஒருவர் அமர்ந்து கையால் அணைத்துக்கொண்டே வர வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னிந்திய இரயில்வேயின் பாதை விழுப்புரம், பண்ருட்டி, கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று காவிரி நாட்டைச் சென்னையோடு இணைத்தது. மாட்டுவண்டிக்குப் பல நாள் ஆன தொலைவு சில மணி நேரமாகச் சுருங்கியது. இசைக் கலைஞர்கள் ஒரே மாதத்தில் பல நகரங்களில் பாட முடிந்தது. 1928ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாதெமி தோன்றி, மார்கழிதோறும் கலைஞர்களைச் சென்னையில் கூட்டிய சிறப்புக்குப் பின்னே இந்த இருப்புப் பாதையும் இருந்தது.

இக்காலமாற்றத்தில் எளிதாகப் பயணம் செய்யும் கருவிகள் முன்னுக்கு வந்தன. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) மேலை நாட்டு வயலினைக் கற்று நம் இசைக்கு உரியதாக்கினார். பின்னர்ப் பாட்டுக்குப் பக்கவாத்தியமாக இருந்த வீணையின் இடத்தை வயலின் பெற்றது. குரலைப் போலவே ஒலியை நீட்டும் அதன் தன்மையே முதற்காரணம். ஆயினும் அது கைப்பெட்டிக்குள் அடங்கும் கருவி என்பதையும் மறந்துவிடலாகாது. ஆர்மோனியத்தின் கதையும் இத்தகையதே. 1840களில் பாரிசில் உருவான அக்கருவி காலால் மிதித்து இயக்கும் மேசை போன்றது. 1875ஆம் ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த துவாரகநாத் கோஷ், கையால் துருத்தி இயக்கும் பெட்டியாக அதனை மாற்றி அமைத்தார். பெட்டியாகச் சுருங்கிய பின்னரே அது நாடெங்கும் பரவியது.

புகைவண்டி நிலையம் இல்லாத ஊர்களுக்கு வழி திறந்தது பேருந்து. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1912ஆம் ஆண்டில் தென்னாட்டில் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். அதன்பின் மெல்ல மெல்லச் சிற்றூர்களின் ஆலமரத்தடி வரை பேருந்து வந்தது. இரயிலில் பார்சல் அனுப்பினால் நிலையத்துக்குச் சென்று பதிந்து, சென்று சேரும் நிலையத்தில் மீண்டும் வண்டி பிடிக்க வேண்டும். பேருந்தோ பெயர் சொல்லி நிறுத்தக் கூடியது. கூரைமேல் ஏணி வைத்து ஏற்றிக் கயிற்றால் கட்டிய மூட்டைகளோடு தவிலும், உறையிட்ட தம்புராவும் வந்ததை என் இளமையில் நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எங்கள் பகுதிக்கு இது தனிச் சிறப்புடையது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டில் தோன்றியது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962இல் மின்சாரம் பிறந்தது. பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்களோடு அவர்களுடைய பாட்டும் வந்தது. பிள்ளைகள் வீணை கற்றனர். வீணை பழுதுற்றால் தஞ்சைக்குப் போய் வர வேண்டும். அந்தப் போக்குவரவுக்குத் துணை இந்தச் சாலையும் இதில் ஓடிய பேருந்துகளுமே.

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, ஒரு சித்திரை மாதத்தில், மாணவி ஒருத்தியின் வீணை தஞ்சையில் பழுது நீக்கப்பெற்றுப் பேருந்தின் சுமை அறையில் வந்து வடலூரில் இறங்கியது. உறையை நீக்கிப் பார்த்தோம். மரத்தில் கீறல் இல்லை; தந்தி அறவில்லை. ஆனால் பல மெட்டுகள் சாய்ந்து கிடந்தன. வெயிலும் பொறியின் சூடும் சேர்ந்து மெழுகை இளக்கிவிட்டிருந்தன. இசைத் தேர்வுக்கு நான்கு நாள்களே இருந்தன. அப்பெண் அழவில்லை; சாய்ந்த மெட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெட்டைப் பதித்தல் அளவுகோலால் ஆகும் வேலை அன்று. ஒவ்வொரு சுரத்தையும் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்த வேண்டும். கைவினைஞர் ஒருவர் முதல் பேருந்தில் புறப்பட்டு வந்து, ஒரு பகல் முழுதும் அமர்ந்து அதைச் செய்து கொடுத்தார். மறுநாள் வகுப்பில் திண்மம் திரவமாகும் பாடத்தை நடத்தியபோது, மாணவர் எவரும் கவனம் சிதறவில்லை.

ஆகவே பெரிய கருவியை அனுப்பும் முறையையும் நீங்கள் அறிந்திருத்தல் நன்று. தந்திகளைச் சற்றே தளர்த்த வேண்டும். முழுதும் தளர்த்தினால் குதிரை நழுவும். சுரைக்காயைக் கழற்றித் தனியே துணியில் பொதிய வேண்டும். கழுத்துக்கும் யாளிக்கும் அடியில் மெத்தை போன்ற அணை கொடுக்க வேண்டும். ஏனெனில் ஒட்டு வீணை முறிவது பெரும்பாலும் இணைப்பில்தான். கோடையில் பகல் வண்டியைத் தவிர்த்து இரவு வண்டியில் அனுப்ப வேண்டும். மேலே வேறு சுமை வைக்கலாகாது என்பதைப் பெட்டியின்மேல் தமிழில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்றி இறக்கும் தொழிலாளரிடம் உள்ளே இருப்பது என்ன என்று சொல்ல வேண்டும். பெட்டிக்குள் வீணை இருக்கிறது என்று அறிந்தவர் கை வேறு. அறியாதவர் கை வேறு.

உலகின் மறுபக்கத்திலும் இதனையொத்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ஹிப்பிங் என்பது இரும்புச் சுரங்க ஊர். சுரங்கம் விரிந்தமையால் அவ்வூரே இடம் பெயர்க்கப்பட்டது. நெய்வேலிச் சுரங்கத்துக்காக இடம் பெயர்ந்த சிற்றூர்களை அறிந்த நமக்கு அது எளிதில் விளங்கும். அங்கே 1914ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளரை ஏற்றிச் செல்லத் தொடங்கிய ஒரு வண்டியே பின்னர்க் கிரேஹௌண்ட் என்னும் பெரும் பேருந்து நிறுவனமாக வளர்ந்தது. அது பயணிகளோடு சரக்கையும் சுமந்தது. கனடாவில் அந்நிறுவனம் 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் சேவையை அடியோடு நிறுத்தியது. ஒரு பேருந்து நின்றால் பயணி மட்டும் தவிப்பதில்லை. அதன் வயிற்றில் சென்ற பொருள்களும் வழியின்றி நிற்கும்.

நம் நாட்டில் நிலை என்ன? தம்புராவின் இடத்தை இன்று மின்னணுச் சுருதிப்பெட்டி பெருமளவு எடுத்துக்கொண்டது. கைப்பையில் அடங்கும் அப்பெட்டியால் ஏழை மாணவரும் சுருதியோடு பாட முடிகிறது. அந்த நன்மையை நான் குறைத்துக் கூறமாட்டேன். ஆனால் நான்கு தந்திகளும் குடமும் சேர்ந்து எழுப்பும் அந்த ரீங்காரத்தை அருகிலிருந்து கேளாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு. தஞ்சாவூர் வீணைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைக்குரியது. குறியீடு பெயரைக் காக்கும். வீணையைக் கற்பவர் வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பது வண்டிதான். அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் 2022ஆம் ஆண்டில் தன் பேருந்துகளின் சுமை அறைகளைச் சரக்குக்கு வாடகைக்கு விடத் தொடங்கியது. நாட்டுப்புறக் கலைஞர்கள் அரசுப் பேருந்தில் தம் கருவிகளைக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல 2023ஆம் ஆண்டில் வழி செய்யப்பட்டது. பறையும் தவிலும் வெறும் சுமையல்ல, ஒருவருடைய வாழ்வும் மதிப்பும் என்பதை ஏற்றுக்கொண்ட செயல் இது. காவடித் தண்டில் கருவிகளைத் தூக்கி நடந்த கூத்தருக்கு இத்தகைய உதவி கிடைத்ததில்லை.

மாணவர்களே! உங்கள் ஊரில் பழைய ஓட்டுநர்கள் இருப்பார்கள். சுமை தூக்கிய முதியவர்கள் இருப்பார்கள். ஊர் ஊராகச் சென்று வாசித்த கலைஞர்கள் இருப்பார்கள். அவர்கள் எந்தக் கருவியை, எந்த வண்டியில், எவ்வாறு கட்டி, எந்த ஆண்டில் கொண்டு சென்றார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கல்வெட்டில் காண முடியாத செய்திகள் அவர்கள் நினைவில் உள்ளன. அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். அந்த வேலையை உங்களைவிட நன்றாகச் செய்யத் தக்கவர் எவருமில்லை.