பானெத் செல்கள்

சிறுகுடலின் உட்சுவரில் குடலுறிஞ்சிகளுக்கு இடையே லீபர்க்கூன் குழிகள் எனப்படும் நுண்ணிய பள்ளங்கள் உள்ளன. அவற்றின் அடியில் கூட்டமாக அமர்ந்து, பாக்டீரியாவை அழிக்கும் புரதங்களைச் சுரக்கும் எபிதீலியச் செல்களே பானெத் செல்கள். வெள்ளணுக்கள் வந்து சேரும்வரை காத்திராமல், குடற்படலம் தானே தொடுக்கும் எதிர்ப்பு இவற்றின் வழியே நடக்கிறது.

ஜெர்மானிய உடற்கூறியலர் குஸ்டாவ் ஷ்வால்பே 1872-இல் இவற்றைக் குறிப்பிட்டிருந்தார். ஆயினும் வியன்னாவைச் சேர்ந்த உடலியங்கியலர் யோசஃப் பானெத் 1888-இல் வெளியிட்ட விரிவான ஆய்வே இவற்றைத் தனி வகையாக நிலைநிறுத்தியது; பெயர் அவருக்குப் போனதில் தவறில்லை. 1857-இல் பிறந்த பானெத், எர்ன்ஸ்ட் புரூக்கேயின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர், சிக்மண்ட் பிராய்டின் நண்பர். 1883-84 குளிர்காலத்தில் பிரான்சின் நீஸ் நகரில் மெய்யியலாளர் நீட்சேயைச் சந்தித்துப் பேசியுமிருக்கிறார். 1890-இல் தமது 32-ஆம் வயதில் மறைந்தார். செல்லின் குழியை நோக்கிய முனையில் குவிந்திருக்கும் பெரிய குருணைகள், இயோசின் சாயமேற்றினால் செக்கச்செவேலெனத் தெரிபவை, எதற்காக என்பது அவர் காலத்தில் தெரியவில்லை. அலெக்சாண்டர் பிளெமிங் 1922-இல் அறிவித்த லைசோசைம் என்னும் நொதி அவற்றில் இருப்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது. பாக்டீரியாவை அழிக்கும் ஆல்ஃபா டிஃபென்சின் புரதங்கள் அதற்கும் பின்னர் கண்டறியப்பட்டன.

2000-இல் வெளியான ஓர் ஆய்வில், எலியின் குடலிலிருந்து பிரித்தெடுத்த குழிகளில் பாக்டீரியா சேர்க்கப்பட்டது. சில நிமிடங்களில் குருணைகள் வெளியேறின. உயிருள்ள பாக்டீரியாகூடத் தேவைப்படவில்லை; லிப்போபாலிசாக்கரைடு, முராமில் டைபெப்டைடு போன்ற செல்சுவர்ப் பொருள்களே போதுமாயின. பூஞ்சையையும் புரோட்டோசோவாவையும் சேர்த்தபோது செல்கள் அசையவில்லை. செல்லின் உள்ளே, பாக்டீரியாவை உணரும் டோல் வகை ஏற்பிகளின் செய்தியை மைடி88 என்ற புரதம் கடத்துகிறது. முராமில் டைபெப்டைடை உணர்வது நாட்2 என்ற ஏற்பி.

மனிதரில் டிஃபென்சின்-5 செயலற்ற முன்வடிவாகவே குருணையில் சேமிக்கப்படுகிறது. அதை வெட்டிச் செயல்படவைப்பது டிரிப்சின், அதாவது கணையத்தின் செரிமான நொதியாக நாம் அறிந்த அதே வகை. செயல்பட்ட டிஃபென்சின் பாக்டீரியாவின் சவ்வைத் துளைக்கிறது. டிஃபென்சின்-5-க்கான மனித மரபணு புகுத்தப்பட்ட எலிகள், வாய்வழி கொடுத்த சால்மோனெல்லா டைஃபிமியூரியம் கிருமியைத் தாக்குப்பிடித்தன (2003). டிஃபென்சின்-6 கொல்வதில்லை, இழைகளாகப் பின்னிக் கிருமியைச் சிக்கவைக்கிறது. சளிப்படலமும் ஐஜிஏ எதிர்ப்பொருளும் தனியே காவல் புரிகின்றன.

அருகிலுள்ள குருத்தணுக்களைப் பேணுவதும் இச்செல்களின் வேலை என 2011-இல் காட்டப்பட்டது. நாட்2 மரபணு மாற்றங்களுக்கும் குடல் அழற்சி நோயான குரோன் நோய்க்கும் உள்ள தொடர்பு 2001 முதல் அறியப்பட்டுள்ளது. கீழ்ச்சிறுகுடலில் தோன்றும் குரோன் நோயில் டிஃபென்சின் குறைபாட்டின் பங்கு குறித்து ஆய்வுகள் நடைபெறுகின்றன.