புகையும் தோட்டாவும்: செங்கல்பட்டு முதல் அருவங்காடு வரை

ஆய்வுச்சுருக்கம்

தோட்டாவின் புகையைக் குறைக்கும் முயற்சி பெரும்பாலும் ஐரோப்பிய வேதியியலின் வரலாறாகவே எழுதப்படுகிறது. செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரையிலும் 18ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த போர்களையும், நீலகிரி மாவட்டத்தின் அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஆலையையும் இணைத்து இக்கட்டுரை அவ்வரலாற்றை அணுகுகிறது. புகை குறைந்தது தோட்டா நிரப்பியவரின் கைத்திறனால் அன்று. மருந்தின் வேதியியல் மாறியதால் ஆகும். அம்மாற்றமே மருந்து செய்யும் தொழிலைக் கைவினையிலிருந்து அரசின் ஆலைக்குப் பெயர்த்தது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கருமருந்து, தோட்டா, புகை, கோவளம், சதுரங்கப்பட்டினம், கார்டைட்டு, அருவங்காடு.

முன்னுரை

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் கலவையே கருமருந்து. 18ஆம் நூற்றாண்டில் இம்மருந்தையும் ஈயக் குண்டையும் காகிதத்தில் வைத்துக் கையால் சுருட்டித் தோட்டா செய்தனர். நீண்ட துப்பாக்கிக்கும் கைத்துப்பாக்கிக்கும் முறை ஒன்றே. மருந்தின் அளவே வேறுபட்டது. இத்தோட்டா வெடித்தவுடன் எழுந்த வெண்புகை சுட்டவரின் கண்ணையும் மறைத்தது. அவர் நின்ற இடத்தையும் பகைவருக்குக் காட்டிக்கொடுத்தது. இவ்விரு விளைவுகளையும் மனத்திற்கொண்டே அக்காலப் போர்களை ஆராய்தல் வேண்டும்.

கோவளமும் செங்கல்பட்டும்: முதற்சூட்டின் மதிப்பு

1752இல் கோவளம், செங்கல்பட்டு ஆகிய இரு கோட்டைகளும் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தன. அவற்றைக் கைப்பற்ற இராபர்ட்டு கிளைவு அனுப்பப்பட்டார். அவருடன் சென்றோர் புதிதாகச் சேர்க்கப்பட்ட 500 சிப்பாய்களும், பயிற்சியற்ற 200 ஐரோப்பியருமே. கோவளம் பணிந்தபின், அதனை மீட்கச் செங்கல்பட்டிலிருந்து ஒரு படை வருவதை அறிந்த கிளைவு வழியில் பதுங்கியிருந்து தாக்கினார். ஒரே சூட்டில் ஏறத்தாழ 100 பேர் வீழ்ந்தனர். 300 பேர் சிறைப்பட்டனர். எஞ்சியோர் செங்கல்பட்டுக் கோட்டை வாயில்வரை துரத்தப்பட்டனர். மதிலில் பிளவு ஏற்பட்டதும் அக்கோட்டையும் பணிந்தது.

பதுங்கித் தாக்குதலின் வெற்றிக்கு எதிரி எதிர்பாராமை காரணமாதல் வெளிப்படை. எனினும் மருந்தின் இயல்பும் இங்கு கருதத்தக்கது. முதற்சூடு மட்டுமே தெளிந்த காற்றில் குறிபார்த்துச் சுடப்படுவது. அதன்பின் இரு தரப்பாரும் புகைக்குள்ளேயே சுட்டனர். பயிற்சி குன்றிய படைக்கு அம்முதல் வாய்ப்பைத் தவறவிடாமை இன்றியமையாதது.

சதுரங்கப்பட்டினக் கடற்போர்

டச்சுக் கோட்டை அமைந்த சதுரங்கப்பட்டினம் மாமல்லபுரத்திற்குத் தெற்கே உள்ளது. 1782 பிப்ரவரி 17 அன்று அதன் அருகே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி எட்வர்டு இயூசும் மோதினர். எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் சுஃப்ரனால் முடிவான வெற்றி பெற இயலவில்லை. அவருடைய கப்பல்களுட் சில முழுமையாகப் போரில் ஈடுபடவில்லை. இதற்குத் தலைவர்களின் தயக்கம் காரணமாகக் கூறப்படுவதுண்டு. புகையையே காரணமாக்குவது மிகையாகும். ஆயினும் கொடிக்குறிகளால் கட்டளையிட்ட அக்காலத்தில், பீரங்கிப் புகை அக்குறிகளை மறைக்கும் நிலையான இடர்ப்பாடாக இருந்தது என்பதை மறுத்தற்கில்லை.

கைத்திறனின் எல்லை

புகையைக் குறைக்கக் கைவினைஞர் முயலாமல் இல்லை. வெடியுப்பைத் தூய்மை செய்தனர். கரிக்கேற்ற மரத்தைத் தேர்ந்தனர். மருந்தை ஒரே அளவான மணிகளாக்கினர். இவற்றால் மருந்து சீராக எரிந்தது, புகையோ நீங்கவில்லை. 1870களில் ஆண்ட்ரூ நோபிளும் பிரெடரிக்கு ஏபெலும் செய்த ஆய்வுகள் இதன் காரணத்தைத் தெளிவாக்கின. கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி வாயுவாவதில்லை. பொட்டாசியம் கார்பனேட்டு, பொட்டாசியம் சல்பேட்டு முதலிய திண்மப் பொருள்களாகவே எஞ்சுகிறது. காற்றில் பரவும் அத்துகள்களே புகை. எனவே எவ்வளவு கவனமாக நிரப்பினும் கருமருந்துத் தோட்டா புகைந்தே தீரும்.

புகையற்ற மருந்தும் கைத்துப்பாக்கியும்

1884இல் பிரான்சின் பால் வியேல் நைட்ரோசெல்லுலோசிலிருந்து புகையற்ற மருந்தை உருவாக்கினார். 1889இல் ஏபெலும் சேம்சு திவாரும் கார்டைட்டை வடிவமைத்தனர். இவை ஏறக்குறைய முழுவதும் வாயுவாக மாறுவன.

எனினும் மருந்தை மாற்றியதோடு சிக்கல் தீரவில்லை என்பதைக் கைத்துப்பாக்கித் தோட்டா காட்டுகிறது. பிரிட்டானியப் படையின் .455 வெப்லி தோட்டா 1891இல் கருமருந்துடன் அறிமுகமாகி, 1894இல் கார்டைட்டுக்கு மாறியது. கருமருந்துக்கென அமைந்த நீண்ட கூட்டில் கார்டைட்டு செவ்வனே எரியவில்லை. ஆகவே 1897இல் கூடு குட்டையாக்கப்பட்டது. மருந்தும் கூடும் தம்முள் பொருந்தினாலன்றி எரிதல் முழுமை பெறாது என்பது இதனால் பெறப்படும் பாடம்.

அருவங்காடு

1904 அளவில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் கார்டைட்டு ஆலை நிறுவப்பட்டது. காட்டேரி அருவியிலிருந்து அதற்கு மின்சாரம் பெறப்பட்டது. நைட்ரோசெல்லுலோசு வெப்பத்தில் விரைந்து சிதையும் இயல்புடையதாதலின் குளிர்ந்த மலைப்பகுதி அதற்கு ஏற்றதாயிற்று. கருமருந்தைச் சிறு பட்டறையிலும் செய்ய இயலும். கார்டைட்டுக்கோ செறிந்த அமிலங்களும் பொறிகளும் ஆய்வகமும் வேண்டும். 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் ஆயுதங்களையும் வெடிமருந்தையும் ஏற்கெனவே உரிமக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருந்தது. சட்டம் தொடங்கிவைத்ததை வேதியியல் நிறைவுசெய்தது: படைக்குரிய மருந்து செய்யும் தொழில் கைவினைஞருக்கு எட்டாததாயிற்று. அவ்வாலை 2021 முதல் அரசு நிறுவனமான மியூனிசன்சு இந்தியாவின்கீழ் இயங்குகிறது.

முடிவுரை

தோட்டாவைத் தாமே நிரப்பும் இலக்குச் சுடுநர் வெளிநாடுகளில் இன்றும் உளர். அவர்தம் கைத்துப்பாக்கித் தோட்டாவில் எஞ்சும் புகையின் பெரும்பகுதி ஈயக் குண்டின்மேற் பூசும் மெழுகு, கொழுப்பு ஆகியவற்றால் எழுவது; செப்புறையிட்ட குண்டு அதனைக் குறைக்கும். கைத்திறனுக்கு இன்று எஞ்சியுள்ள களம் இவ்வளவே. கோவளத்துச் சிப்பாய் புகைக்குள் நின்று சுட்டார். அருவங்காட்டு ஆலை அப்புகையை அகற்றியது. ஆனால் புகையோடு சேர்ந்து, தோட்டாவுக்குரிய மருந்தைத் தன் கையால் ஆக்கும் வினைஞரும் படைத்தொழிலிலிருந்து அகன்றார். தமிழகப் போர்த்தொழில் வரலாற்றை எழுதுவோர் இவ்விரு விளைவுகளையும் ஒருங்கே கருதுதல் தகும்.