இலக்குத் திட்டமிடல் முறைகளின் தேர்வு

இலாபம், வேலைநேரம், மூலப்பொருட் செலவு என ஒன்றோடொன்று முரணும் நோக்கங்கள் பலவற்றை ஒருங்கே கருதி முடிவெடுக்க வேண்டியவர், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்களவை முன்னரே நிர்ணயித்து, அதனின்று நேரும் விரும்பத்தகாத விலகல்களை இயன்றவரை குறைத்துக்கொள்ளக் கையாளும் கணித உபாயம் இலக்குத் திட்டமிடல் எனப்படும். சார்ன்ஸ், கூப்பர், ஃபெர்குசன் ஆகிய மூவரும் நிர்வாகிகளின் ஊதிய நிர்ணயம் பற்றி 1955-இல் வெளியிட்ட ஆய்வில் வித்தூன்றிய இம்முறைக்கு, முதலிருவரும் 1961-இல் எழுதிய நூலிலே இப்பெயர் அமைந்தது. உச்சப் பயனை நாடாது போதுமான பயனில் திருப்தியுறும் மனித இயல்பைப் பற்றி ஹெர்பர்ட் சைமன் கூறிய கொள்கை இதற்குத் தத்துவ ஆதாரமாகும்.

ஒரு நோக்கத்தில் நேரும் குறையை மற்றொன்றில் எவ்வளவு நிறைவு வந்தால் ஏற்கலாம் என்று முடிவெடுப்பவர் சொல்லக்கூடுமாயின், விலகல்களை நிறைகளாற் பெருக்கிக் கூட்டும் நிறையிட்ட முறை பொருந்தும். எனினும் ரூபாயையும் மணியையும் அப்படியே கூட்டலாகாது. இலாப இலக்கு 10,00,000 ரூபாயாகவும் வேலைநேர இலக்கு 400 மணியாகவும் இருக்க, முன்னதில் 20,000 ரூபாய் குறைவதும் பின்னதில் 40 மணி மிகுவதும் முறையே 2 சதவீத, 10 சதவீத விலகல்களே. வெறும் எண்களைக் கூட்டுவோமாயின், சிறிய விலகலே பெரியதாகத் தோன்றி முடிவைத் தன் வசமாக்கிக்கொள்ளும். ஆகவே இலக்களவால் வகுத்துச் சதவீதமாக்குவது வழக்கம். இலக்கு பூச்சியமாயின் வேறு அளவுகோலை நாட வேண்டும்.

யூஜி இஜிரி 1965-இல் விரித்துரைத்த முன்னுரிமை முறையோ, இலக்குகளைப் படிகளாக வரிசைப்படுத்தி, மேற்படியிலுள்ள இலக்கை எள்ளளவும் விட்டுக்கொடாது கீழ்ப்படிக்குச் செல்வது. சட்டமோ உயிர்ப் பாதுகாப்போ முதலிடம் பெறும் சந்தர்ப்பங்களில் இதுவே தக்கது. நிறைகளைக் கேட்டறியும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காக மட்டும் இதனைத் தேர்தல் முறையன்று. ஏனெனில், படிகள் பெருகினாலோ, முதலிலக்கை எட்டவொண்ணாத உயரத்தில் வைத்தாலோ, மாற்றுத் தீர்வுகள் அங்கேயே அற்றுப்போக, பின்வரும் இலக்குகள் பெயரளவில் மட்டுமே எஞ்சும்.

பல துறைகளுக்கோ பல வட்டாரங்களுக்கோ பங்கிடுங்கால், மிகப்பெரிய விலகலைச் சிறிதாக்கும் செபிஷேவ் முறை நியாயமான சமநிலையைத் தரும்; இது 1976-இல் ஃபிளாவல் முன்வைத்தது. இம்மூன்றையும் ஒரே வடிவத்துள் அடக்கும் விரிவுற்ற முறையை 2001-இல் ரொமேரோ வகுத்தார்.

எம்முறையைத் தேர்ந்தாலும், இலக்குகள் தாழ்வாக வைக்கப்பட்டிருப்பின், எந்த நோக்கமும் கெடாமல் வேறொன்று மேம்பட இடமிருக்கும்போதே கணக்கு நின்றுவிடக்கூடும். ஆதலால் பெற்ற தீர்வை, அத்தகைய இடம் உண்டா எனக் காணும் பரேட்டோ சோதனைக்கு உட்படுத்தி, குறை காணின் அதனை மேம்படுத்திய பின்னரே ஏற்றல் வேண்டும்.