புரட்டாதி நண்டும் எங்கட கடலின்ர கதையும்

நண்டு வாங்குறதெண்டால் அம்மம்மா முதலில் கலண்டரைத்தான் பார்ப்பா. நிலாக்காலம் எண்டால், "வேண்டாம் பிள்ளை, உள்ளுக்குச் சதை இராது, தண்ணிதான்" எண்டு சொல்லிப்போடுவா. காத்தைக் கேட்டு மாதம் சொல்லவும் அவவுக்குத் தெரியும். கலைப்பீடத்தில் வரலாறு படிக்கத் தொடங்கின பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. யாழ்ப்பாண வரலாற்றில் 1619 இல் போர்த்துக்கேயர் வருகிறார்கள், 1658 இல் ஒல்லாந்தர் வருகிறார்கள். முத்து, சங்கு, யானை எல்லாம் கப்பல் ஏறுகின்றன. ஆனால் அம்மம்மாவுக்குத் தெரிந்த அந்தக் கடல் எங்கே?

அது ஆழமில்லாத கடல். பரவைக்கடல் எண்டு சொல்லுவம். குருநகர், பாசையூர், நாவாந்துறை, அரியாலை, கிளாலி, பூநகரி எல்லாம் இந்தக் கடல்நீரேரியைச் சுற்றியே இருக்கின்றன. பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம். மேற்கே அது பாக்குநீரிணையோடு சேருகிறது. புரட்டாதியில் சோழகம் தணியத் தொடங்கும், வாடை இன்னும் வந்திராது. மாதக்கணக்காக மழை இல்லாததால் தண்ணீர் நல்ல உப்பாக இருக்கும். வாடையோடு மாரிமழை வந்து உப்பைக் குறைக்க, இறால் காலம் தொடங்கும். இடைப்பட்ட இந்த நாட்களில்தான் கடல் கொஞ்சம் அமைதியாகக் கிடக்கும்.

நீல நண்டு பகலில் மணலுக்குள்ளும் சாதாளைக்குள்ளும் புதைந்து கிடந்து, இரவில் வெளிக்கிடும். அதனால் பின்னேரம் வலையைப் படுத்துவிட்டு விடியத்தான் தூக்குவார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். சிக்கின நண்டை, கால் முறியாமல், வலை கிழியாமல் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கரையில் குடும்பமே குந்தி இருந்து செய்கிற வேலை இது, பெண்களின் பங்கு இதில் பெரியது. இன்னும் கரைக்குக் கிட்டவாகச் சிறகுவலை நிற்கும். தடிகளை ஊன்றி, மீனையும் இறாலையும் நண்டையும் மறித்துக் கூட்டுக்குள் போகவிடுகிற முறை. இதுக்கு எஞ்சின் தேவையில்லை, எண்ணெயும் தேவையில்லை. எங்களுடைய அண்மைக்கால வரலாற்றைப் புரிந்துகொள்ள இது முக்கியம் எண்டு நினைக்கிறன்.

ஏனெண்டால் யுத்தம் முதலில் பறித்தது ஆழக்கடலைத்தான். 1980களில் கடலில் தடைகளும் எல்லைகளும் வந்தன. ஆழமில்லாத கடலும் பாதுகாப்பாக இருக்கவில்லை: 1986 ஜூன் மாதம் மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர்கள் முப்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். 1990 இல் மண்டைதீவு படையினரின் கைக்குப் போனது. பெற்றோலுக்கும் டீசலுக்கும் தடை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. 1993 ஜனவரியில் கிளாலியில் இதே கடல்நீரேரியை இரவில் கடந்த பயணிகள் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் கரையோரத்தில் தடியும் வலையும் இருந்தன. எஞ்சின் இல்லாமல் தாங்குத்தடியால் ஊன்றிப் போய்ப் பிடித்த நண்டும் மீனும்தான் எத்தனையோ வீடுகளில் அன்றைய கறி. யுத்தகாலக் கடலைப் பற்றி எழுதுகிறவர்கள் படகுகளையும் சண்டைகளையும் எழுதினார்கள். இந்தக் கறிச்சட்டியை எழுதினவர்கள் குறைவு.

2009 க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. கூழுக்குள் போட்ட நண்டு ஏற்றுமதிப் பொருளாகிவிட்டது. அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அங்கே செசபீக் என்ற குடாவில், இதே மாதங்களில் நண்டு பிடிப்பது பழைய வழக்கம். அங்கே நண்டு குறைந்துபோக, ஆசியக் கடல்களில் இருந்து சதை இறக்குமதி செய்யத் தொடங்கினார்கள். ஒரு குடா வெறுமையாகினால் இன்னொரு குடாவின் நண்டுக்கு விலை ஏறும் என்பதுதான் இதன் கணக்கு.

விலை ஏறின அதே காலத்தில்தான் தமிழ்நாட்டு இழுவைப்படகுகளின் தொல்லையும் கூடியது. திங்கள், புதன், சனி இரவுகளில் அவை வரும் எண்டு கரையில் எல்லாருக்கும் தெரியும். நண்டு வலை அடியில் கிடப்பது. இழுவைமடி அடியைத்தான் வாரிக்கொண்டு போகும். ஒரு இரவில் வலை போனால், கடன்பட்டு வாங்கின முதலே போய்விடும். அதனால் அந்த நாட்களில் பலர் கடலுக்கே போவதில்லை.

ஆனால் குற்றத்தை அக்கரையில் மட்டும் வைத்துவிட்டு நாங்கள் எழும்பிப் போக முடியாது. அடிமட்ட இழுவைத் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. குருநகரில் எங்கட ஆட்களிடமும் இழுவைப்படகுகள் இருந்தன என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை இன்னும் கடலுக்குள் போகிறது. முட்டை நண்டு வலையில் வந்தால் திருப்பி விடாமல் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். "விட்டால் மற்றவன் பிடிப்பான் தம்பி" எண்டு ஒரு ஐயா எனக்குச் சொன்னார். கடனோடு நிற்கிற மனிசனிடம் இதுக்கு என்ன பதில் சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்ல.

எங்கட வயதுக்காரர்களிடம் ஒரு கேள்வி. உங்கட வீட்டில் சிறகுவலை ஊன்றினவர், நண்டு கழற்றினவர் யாராவது இருக்கினமா? இருந்தால் போய்க் கேளுங்கோ: எந்த மாதம், எந்தக் காத்து, எவ்வளவு தூரம், எந்த வருசம் போகவிடாமல் மறித்தார்கள்? எழுதி வையுங்கோ. அம்மம்மாவிடம் நான் கேட்கத் தொடங்கினது பிந்தித்தான். புரட்டாதி நண்டைப் பற்றி மட்டும் ஒரு கொப்பியில் பதினொரு பக்கம் வந்திருக்கு.