குளவிக் கொட்டு (மலையகத் தேயிலைத் தோட்டங்கள்)

குளவிக் கொட்டு என்பது இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, தலவாக்கலை, அட்டன், டிக்கோயா முதலிய பிரதேசங்களின் தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து பறிக்கும் பெண்களையும் ஏனைய தொழிலாளரையும் ஆண்டுதோறும் வைத்தியசாலைக்கு அனுப்பி, சிலருடைய பிராணனையும் கவர்ந்துவரும் தொழில்சார் அபாயமாகும். தோட்டத்து மக்கள் குளவி என்று பொதுவாகச் சொல்வதில், உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறை விளிம்புகளிலும் ஒற்றை அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும் மலைத்தேனீயும், மரச்சிராயை மென்று காகிதம் போன்ற கூடு கட்டும் மெய்யான குளவியும் அடங்கும்.

மலைத்தேனீ கொட்டியதும் அதன் முள் நம் தோலிலேயே தங்கிவிட, அங்கிருந்து எழும் வாசனை ஏனைய தேனீக்களையும் அவ்விடத்திற்கே அழைத்துவருவதால், ஒரு கொட்டு சில நிமிஷங்களில் பலவாகப் பெருகுகிறது. குளவியின் கொடுக்கோ முறிந்து தங்குவதில்லை. ஒன்றே பலமுறை கொட்டும். முறிந்து விழும் கிளையோ, அடையைச் சூறையாடவரும் தேன்பருந்தோ கலைத்துவிட்ட கூட்டத்தின் கீழே, தலையில் மாட்டிய கயிற்றில் கூடை தொங்க, இடுப்பில் படங்கு என்னும் முரட்டுத்துணி சுற்றியிருக்க, செடிகள் நெருங்கிய செங்குத்துச் சரிவில் நிற்கும் பெண்ணுக்கு ஓடித் தப்ப வழி ஏது?

மரணம் இருவகையில் நேரும்: ஒவ்வாமையால் இரத்த அழுத்தம் வீழ்ந்து சில நிமிஷங்களுக்குள் நேர்வது ஒன்று, மிகுந்த கொட்டுகளின் விஷத்தால் தசை சிதைந்து, சிறுநீரகம் செயலிழந்து, சில நாட்களில் நேர்வது மற்றொன்று. பாம்புக்கடிக்குப்போல இதற்கு விஷமுறிப்பு மருந்து வழக்கில் இல்லை. ஒவ்வாமை அதிர்ச்சிக்கு உடனே செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே உயிர்காக்கும் சிகிச்சை.

இத்தகைய கொட்டின் அச்சத்தைத் திரையில் காட்டமுயன்ற, கொலைகாரப் பூச்சிகளைக் கருவாகக் கொண்ட பிரிட்டிஷ் திரைப்படங்களுள், எச்.எப். ஹெர்டின் 1941ஆம் ஆண்டு நாவலைத் தழுவி, ராபர்ட் பிளாக் முதலில் திரைக்கதை எழுத, பிரெடி பிரான்சிஸ் 1966இல் இயக்கிய 'தி டெட்லி பீஸ்' அறியப்பட்டதாயினும், ஏமாற்றமளிக்கும் படைப்பேயாகும். தேனீக்கூட்டம் வாசனையால் ஏவப்படும் என்னும் நல்ல கரு கையிலிருந்தும், அதனை வஞ்சகன் ஒருவனின் சூழ்ச்சியாகச் சுருக்கி, நடிகர் முகத்தில் ஒட்டிய போலித் தேனீக்களையும் காட்சியின்மேல் பதித்த மொய்ப்பையும் நம்பியமையால், அச்சம் பிறக்கவில்லை. மலையகத்து அச்சத்திற்கு வஞ்சகன் எவனும் வேண்டியதில்லை. தன் கூட்டைக் காக்கும் பூச்சியும், தன் பேர் போடுவதற்காக, அதாவது அன்றைய கூலி பதிவாவதற்காக, கொழுந்து பறிப்பதை நிறுத்தாத தொழிலாளியும் ஒரே மலையில் இருப்பதே போதும்.

வேலையின்போது நேரும் விபத்துக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பரிகாரம் கூறுகிறது. எனினும் அது விபத்துக்குப் பிந்தியது. தொழிலாளர் வேலைக்குக் கூடும் காலைப் பெரட்டில் ஆள் பிரிக்குமுன், அன்று கொழுந்து பறிக்கும் மலையின் கூடுகளைப் பார்த்து அறிவித்தலும், தோட்ட மருந்தகத்தில் அட்ரினலினும் அதனைச் செலுத்தப் பயின்றவரும் எந்நேரமும் இருக்கச் செய்தலும் ஒவ்வொரு தோட்ட நிர்வாகமும் இன்றே ஏற்கவேண்டிய கடமைகளாகும்.