சவுக்கு கைமாறிய ஆண்டு: 1965-இன் வெற்றிப் படங்கள் குறித்து ஓர் ஆய்வு

படம் நன்றாக வசூலித்தது என்பதைத் தமிழில் ‘படம் ஓடியது’ என்கிறோம். அந்தச் சொல்லில் பணத்தின் சாயல் இல்லை. காலத்தின் கணக்கு இருக்கிறது. எத்தனை நாள், எத்தனை வாரம், எந்தெந்த ஊரில் என்பதே தமிழ்த் திரையுலகம் நெடுங்காலம் போற்றிய அளவுகோல். அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு 1965ஆம் ஆண்டின் பெருவெற்றிப் படங்களை ஒருசேரப் படித்தால், அக்காலப் பார்வையாளர் எதைத் திரும்பத் திரும்பக் காண விரும்பினர் என்பது துலங்கும். அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓட்டம் என்னும் அளவுகோல்

1944 தீபாவளிக்கு வெளியான எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஒரே அரங்கில் நீளும் ஓட்டம் அன்றைய வெற்றியின் உச்சம். அதற்குத் தொழில் சார்ந்த காரணம் உண்டு. கச்சாப் படச்சுருள் வெளிநாட்டிலிருந்து வந்தது, பிரதிகள் குறைவு. ஒரு படப்பெட்டி மாநகர அரங்குகளில் ஓடி முடித்து, சிறு நகரங்களுக்குச் சென்று, கடைசியில் கிராமத்து டூரிங் டாக்கீஸை அடைய மாதக்கணக்கில் ஆகும். அங்கே மணல் குவித்துத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்ப்பவரின் காசும் சேர்ந்துதான் விநியோகஸ்தரின் கணக்கு நேராகும்.

1950களில் அரங்குகள் பெருகின. ஒரே படம் ஒரே நேரத்தில் பல ஊர்களில் வெளியாவது வழக்கமானது. 50 நாள், 100 நாள், 25 வாரம் என்ற படிகள் நிலைபெற்றன. 25 வாரம் ஓடினால் வெள்ளி விழா. நடிகர்களுக்கும் கலைஞர்களுக்கும் கேடயம் வழங்கி விழா எடுப்பார்கள். ஓர் ஊரின் மக்கள்தொகை அளவானது. அங்கே ஒரு படம் ஆறு மாதம் நிற்க வேண்டுமானால், பார்த்தவரே மறுபடி வர வேண்டும். ஆகவே ஓட்டம் என்பது மறுவருகையின் கணக்கு. இதுவே நம் ஆய்வுக்கு அடிப்படை.

ஆண்டின் பின்னணி

அரசியலமைப்பு விதித்த 15 ஆண்டுக் கெடு முடிந்து, இந்தி ஒன்றே ஆட்சிமொழியாகும் நாளாக 1965 ஜனவரி 26 இருந்தது. முந்தின நாள் மதுரையில் மூண்ட மோதல் மாநிலம் முழுவதும் மாணவர் போராட்டமாகப் பரவியது. துப்பாக்கிச் சூடுகளில் உயிர்கள் போயின. செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர். அரிசித் தட்டுப்பாடு வீட்டு வாசல்வரை வந்திருந்தது. கடைகள் அடைபட்ட, ஊர்வலங்கள் நடந்த இந்த ஆண்டில்தான் அரங்குகளும் நிரம்பின.

நட்சத்திரப் பெயர் மட்டும் போதுமா?

எம்.ஜி.ஆர். நடித்து அவ்வாண்டில் ஏழு படங்கள் வந்தன. ‘எங்க வீட்டுப் பிள்ளை’, ‘ஆயிரத்தில் ஒருவன்’ ஆகிய இரண்டின் இடத்தை ‘பணம் படைத்தவன்’, ‘கன்னித்தாய்’, ‘தாழம்பூ’ போன்றவை எட்டவில்லை. சிவாஜி கணேசனுக்கும் அதே நிலைதான். ‘எங்க வீட்டுப் பிள்ளை’ வெளியான அதே பொங்கலுக்கு வந்த அவருடைய ‘பழநி’யால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை; ஆனால் ஜூலை 31-இல் வந்த ‘திருவிளையாடல்’ சாந்தி, கிரவுன், புவனேஸ்வரி அரங்குகளில் வெள்ளி விழா கண்டது. நடிகர் ஒருவரே, ஆண்டும் ஒன்றே. வேறுபட்டது கதை. எனவே வெற்றியின் காரணத்தைக் கதைக்குள்ளும் தேட வேண்டும்.

அரண்மனையிலிருந்து வீட்டுக்கு

1965 ஜனவரி 14-இல் வெளியான ‘எங்க வீட்டுப் பிள்ளை’, 1964-இன் ‘ராமுடு பீமுடு’ என்ற தெலுங்குப் படத்தின் தமிழாக்கம். பி. நாகிரெட்டி தயாரித்தார், சாணக்யா இயக்கினார். சென்னையில் காசினோ, பிராட்வே, மேகலா ஆகிய அரங்குகளில் வெளியாகி, தமிழகத்தின் பல ஊர்களில் வெள்ளி விழாக் கண்டது.

ஒன்றுபோல் இருக்கும் இருவர் இடம் மாறும் கதை தமிழுக்குப் புதிதன்று. 1940-இல் பி.யு. சின்னப்பாவும் 1958-இல் சிவாஜியும் நடித்த ‘உத்தம புத்திரன்’ அரச குடும்பத்து இரட்டையர் கதை. 1958-இல் எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்ன’னில் மன்னனின் இடத்தில் சாமானியன் அமர்கிறான். இந்த மரபு 1965-இல் அரியணையை விட்டு இறங்கி, பெரிய வீட்டின் கூடத்துக்கு வருகிறது. சொத்துக்கு உரிய ராமு, அத்தான் கஜேந்திரனின் சவுக்கடிக்கு நடுங்கி வாழ்கிறான். அவனைப் போலவே இருக்கும் இளங்கோ அந்த வீட்டுக்குள் நுழைந்து, அதே சவுக்கைக் கையில் எடுக்கிறான். கொடுங்கோல் நாட்டில் இல்லை, வீட்டில் இருக்கிறது. அதைக் கேட்க வேறொரு மன்னன் வர வேண்டியதில்லை, அடிபட்டவன் முகமுள்ளவனே போதும். சவுக்கு கைமாறும் அந்தக் காட்சிக்காகவே மக்கள் மீண்டும் அரங்குக்கு வந்தனர் என்று துணிந்து சொல்லலாம். இதே தயாரிப்பாளரும் இயக்குநரும் 1967-இல் திலீப் குமாரை வைத்து இக்கதையை ‘ராம் அவுர் ஷியாம்’ என்று இந்திக்குக் கொண்டு சென்றனர்.

அடிமைக் கப்பல்

ஜூலை 9-இல் வந்தது ‘ஆயிரத்தில் ஒருவன்’. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘கப்பலோட்டிய தமிழன்’, ‘கர்ணன்’ எனச் சிவாஜியை வைத்துப் பெரும்படங்கள் எடுத்த பி.ஆர். பந்துலு, எம்.ஜி.ஆரோடு இணைந்த முதல் படம் இது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் சேர்ந்து நடித்த முதல் படமும் இதுவே. கடற்காட்சிகள் கார்வார் கரையில் படமாயின.

நாயகன் மணிமாறன் மருத்துவன். காயம்பட்ட கிளர்ச்சியாளருக்கு மருந்திட்டதே அவன் செய்த குற்றம். நெய்தல் நாட்டின் ஆட்சி அவனைத் தோழர்களோடு தீவுக்கு நாடு கடத்துகிறது; அங்கே அடிமையாக விற்கப்படுகிறான். பிற வீரக் கதைகளிலிருந்து இது வேறுபடும் இடம் ஒன்றுண்டு: விடுதலை தனக்கு மட்டும் கிடைத்தால் அதை அவன் ஏற்பதில்லை. படத்தின் தலைப்பு ஒருவனைச் சுட்டினாலும், கதை கூட்டத்தின் விடுதலையைப் பேசுகிறது.

குற்றம் கண்ட புலவர்

‘பராசக்தி’ (1952) கிளப்பிய பகுத்தறிவு அலைக்குப் பின், புராணப் படத்தின் காலம் முடிந்தது என்று கருதப்பட்ட சூழலில் ஏ.பி. நாகராஜன் ‘திருவிளையாட’லை எடுத்தார். பரஞ்சோதி முனிவர் பாடிய மதுரைத் தலபுராணம் உள்ளிட்ட மரபுக் கதைகளே மூலம். நாடக மேடையில் வளர்ந்த நாகராஜன், வழிபாட்டை வாதமாக மாற்றினார். வறுமையில் வாடும் தருமியாக நாகேஷ் இறைவனையே நம்பாமல் குறுக்குக் கேள்வி கேட்கிறார். சங்கப் புலவர் நக்கீரராக நடித்த நாகராஜன், இறைவனின் நெற்றிக்கண்ணுக்கு எதிரே நின்று அவர் பாட்டின் குற்றத்தை எடுத்துரைக்கிறார். தந்தையின் வேள்வியில் நீதி கேட்கப் புறப்படும் தாட்சாயணி கணவனோடும் வாதாடுகிறாள். தருக்கோடு வந்த ஹேமநாத பாகவதரை (டி.எஸ். பாலையா) ஒரு விறகு வெட்டியின் பாட்டு ஊரைவிட்டு ஓட வைக்கிறது.

மொழிக்காக உயிர் போன ஆண்டில், தமிழுக்கு முன் கடவுளும் விதிவிலக்கல்லர் என்று ஒரு புலவர் சொல்லும் காட்சி அரங்குகளில் எப்படி ஒலித்திருக்கும்! பக்தரும் பகுத்தறிவாளரும் ஒரே காட்சியை வெவ்வேறு காரணத்துக்காக ரசிக்க முடிந்தது. இவ்வெற்றியே ‘சரஸ்வதி சபதம்’ (1966), ‘திருவருட்செல்வர்’ (1967), ‘திருமால் பெருமை’ (1968) என்ற வரிசைக்கு வழி திறந்தது.

சிறுமியின் தீர்ப்பு

ஏ.வி.எம்.மின் ‘குழந்தையும் தெய்வமும்’ குடும்பப் படம். அதிலும் இரட்டை வேடம். நடித்தவர் சிறுமி குட்டி பத்மினி.  பாட்டியின் செருக்கால் பிரிந்த பெற்றோரைச் சிறுமியர் இருவரும் இடம் மாறிச் சேர்த்துவைக்கின்றனர். பெரியவரின் பிழையைச் சிறியவர் திருத்துகிறார்.

முடிவுரை

வீட்டில் அத்தான், தீவில் ஆண்டை, சங்கத்தில் இறைவன், குடும்பத்தில் பாட்டி. நான்கிலும் மேலிருப்பவரைக் கீழிருப்பவர் கேள்வி கேட்கிறார். இவற்றின் கதைகள் போராட்டத்துக்கு முன்பே உருவானவை. ஆதலால் போராட்டம் இப்படங்களைப் படைத்தது என்று கூற இடமில்லை. ஆனால் எந்தக் காட்சிக்கு மறுபடி வருவது என்று முடிவு செய்தவர் பார்வையாளர். அந்த முடிவில் அவர்கள் வாழ்ந்த காலம் பதிந்திருக்கிறது. 1967 தேர்தலில் ஆட்சி மாறியதற்குத் திரைப்படமே காரணம் என்பாரும் உளர். அரிசியும் மொழியும் அதற்கு வலுவான காரணங்கள். கேள்வி கேட்பவரைக் கொண்டாடும் மனநிலை தேர்தலுக்கு ஈராண்டு முன்பே அரங்க இருளில் கைதட்டலாகக் கேட்டது என்பது மட்டுமே இக்கட்டுரையின் துணிபு.

இன்று ஆயிரக்கணக்கான திரைகளில் ஒரே நாளில் படம் வெளியாகிறது. முதல் வார வசூலிலேயே வெற்றி தீர்மானமாகிறது. அந்தக் கணக்கு எத்தனை பேர் வந்தனர் என்று சொல்லும். எத்தனை பேர் திரும்பி வந்தனர் என்று சொல்லாது. 2014 மார்ச்சில் டிஜிட்டல் முறையில் புதுப்பித்து வெளியிடப்பட்ட ‘ஆயிரத்தில் ஒருவன்’ சென்னையில் 175 நாட்களைக் கடந்தது. கதையும் காட்சியும் மனப்பாடமாகிவிட்ட ஒரு படத்துக்கு, 49 ஆண்டுகள் கழித்தும் மக்கள் டிக்கெட் எடுத்தார்கள்.