பிராயமும் பிழைப்பும்: ‘பாலைவனச் சோலை’யை ஓசூரிலிருந்து நோக்குதல்

நண்பர் குழாத்தை மையமாகக் கொண்ட தமிழ்ப் படங்களை நம் விமர்சகர்கள் காதல், நட்பு, தியாகம் என்ற தலைப்புகளின்கீழ் வகைப்படுத்திவிட்டு அப்பால் சென்றுவிடுவது வழக்கமாகையால், அவற்றுள் சில மனிதப் பிராயத்தையே தம் விஷயமாகக் கொண்டவை என்ற உண்மை உரிய கவனம் பெறவில்லை. ராபர்ட்–ராஜசேகர் இரட்டையர் இயக்கி 1981-இல் வெளிவந்த ‘பாலைவனச் சோலை’ இதற்குச் சிறந்த உதாரணம். படம் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே வம்சி அதைத் தெலுங்கில் ‘மஞ்சு பல்லகி’ என்று எடுத்தார். 2009-இல் தமிழிலேயே அது மறுபடியும் எடுக்கப்பட்டது. ஆயினும் சுஹாசினி ஏற்ற பெண்ணின் இருதய நோயும் மரணமும், வைரமுத்துவின் சொற்களுக்குச் சங்கர்–கணேஷ் அமைத்த இசையும், வாணி ஜெயராமின் குரலுமே ஜனங்களின் ஞாபகத்தில் நிலைத்தன. சந்திரசேகர், ஜனகராஜ், தியாகு, ராஜீவ், கைலாஷ் ஆகியோர் நடித்த வேலையற்ற ஐந்து இளைஞர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. அந்தக் கேள்வியே படத்தின் உயிர்நிலை என்பது என் கட்சி. அதை ஆராயத் தொழில் நகரமான ஓசூரைப் போலப் பொருத்தமான ஸ்தலம் வேறில்லை.

அயல்நாட்டுப் படம் ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் விஷயம் துலங்கும். கறுப்பின அமெரிக்கரும் வானொலி அறிவிப்பாளருமான ரஸ் பார் 2011-இல் எடுத்து, அதிகம் பேசப்படாமற்போன ‘35 அண்ட் டிக்கிங்’ என்னும் படம், முப்பத்தைந்தை நெருங்கும் நான்கு சிநேகிதர்களின் கதை. கணவன் குழந்தை வேண்டாம் என்கையில் தாய்மைக்கு ஏங்கும் மனைவி ஒருத்தி. கல்யாணம் கூடிவராத பெண் ஒருத்தி. மனைவி அக்கறை காட்டாத குடும்பத்தைச் சுமக்கும் தகப்பன் ஒருவன். பிழைப்புக்கு வழி தேடிக்கொண்ட இம்மனிதர்களுக்கு வயது என்பது உடலும் குடும்பமும் விதிக்கும் கெடுவாகிறது. தமிழ்ப் படத்து இளைஞனுக்கோ வேலை கிடைக்கும் நாள்வரை வயது ஓடுவதே இல்லை. இருபத்தைந்து கடந்தும் அவன் வீட்டில் பிள்ளைதான். தட்டில் சோறு விழும்போதெல்லாம் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியவன்தான்.

இது ஒரு படத்தின் கற்பனை மாத்திரமன்று. 1980-இல் பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ படத்திலும் இதே சந்திரசேகர் வழி தெரியாத இளைஞனாகத் தோன்றினார். அதே ஆண்டில் வந்த பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ நாயகன் படித்த படிப்பெல்லாம் பயன்படாமல் நாவிதத் தொழிலை ஏற்கிறான். திரையில் இவர்கள் காத்துக் கிடந்த காலத்தில்தான் ஓசூர் எழுந்துகொண்டிருந்தது. 1971-இல் தமிழக அரசு நிறுவிய சிப்காட் என்னும் தொழில் வளர்ச்சி நிறுவனம், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கர்நாடக எல்லையை ஒட்டிக் கிடந்த இந்தப் பின்தங்கிய பிரதேசத்தை அக்காலத்திலேயே தேர்ந்தெடுத்தது. 1980-இல் அசோக் லேலண்டின் ஆலை வந்தது. அதையொட்டி டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து ஓடத் தொடங்கியது. டாடா குழுமமும் மாநில அரசின் டிட்கோவும் 1984-இல் சேர்ந்து அமைத்த டைட்டன் சில ஆண்டுகளில் இங்கே கடிகாரம் செய்தது. ஆகவே ஐடிஐ சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்கிய இளைஞர்களைத் திரையின் ஐவரோடு சமப்பிராயத்தினராகக் கொள்வது தகும். படம் வாசற்படியில் நிறுத்திவிட்ட தலைமுறை இங்கே படியைத் தாண்டியது.

தாண்டிய பின் காலக்கணக்கே மாறிற்று. ட்ரெயினியாகச் சேர்ந்தவனுக்குப் பெண் பார்ப்பது, மனை வாங்குவது, தம்பியைப் படிக்க வைப்பது எல்லாம் “பர்மனென்ட் ஆகட்டும்” என்ற ஒரு வாக்கியத்தில் தொங்கின. அதற்கடுத்த எல்லைக்கல் 58. 1995 நவம்பர் 16-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் அவ்வயதையே பென்ஷனுக்குரிய வயதாக வைத்தது. ஊதியத்தை ஊழிய ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்கும் அதன் விதிப்படி, 15,000 ரூபாய் உச்சவரம்பில் 35 ஆண்டு ஊழியத்துக்குக் கிடைப்பது மாதம் 7,500 ரூபாய். இந்தத் தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு பணிநிறைவு நாளொன்றைப் பார்க்க வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் கேட்டருகே சால்வையும் மாலையும். பேட்ச் நண்பர்கள் சீருடையோடு சூழ்ந்துகொள்ள ஒரு போட்டோ. பிறகு வேனில் வீடுவரை கொண்டுபோய் விடுதல். வழியில் ஒருவர் பென்ஷன் கோரும் 10-டி படிவத்துக்கு என்னென்ன இணைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருகிறார். அடுத்த முறை அவருக்கு. தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசும் அந்த வேனுக்குள் நாற்பதாண்டு சிநேகம் இருக்கிறது. அதைப் பொருளாக எடுத்துக்கொள்ளத் தமிழ்ச் சினிமா முன்வராதது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. ‘சென்னை 600028’ படத்து நண்பர்களை வெங்கட் பிரபு 2016-இல் கல்யாணமானவர்களாகத் திரும்ப அழைத்துவந்தார். அதற்கப்பால் நம் கூட்டங்கள் மூப்படைவது அரிது.

இன்னொரு வித்தியாசமும் கவனிக்கத் தக்கது. ரஸ் பாரின் படம் தன் மனிதர்கள் கறுப்பினத்தவர் என்பதை ஒளிக்கவில்லை. ஒளிக்காததாலேயே அவர்களைச் சாதாரண மத்தியதர மனிதர்களாகக் காட்டும் சுதந்திரம் அதற்கு வாய்த்தது. ‘பாலைவனச் சோலை’யின் ஐவருக்கோ ஜாதி பொருட்டாக இல்லை. வேலையின்மை அவர்களை ஒன்றாக்கியது என்பது படத்தின் நம்பிக்கை; அது உன்னதமான நம்பிக்கையே எனினும், ஒரே வேலையின்மை எல்லோரையும் ஒரே அளவில் அழுத்துவதில்லை என்பதை அது மறைத்துவிடுகிறது. பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’யும் (2012) ‘மெட்ராஸ்’உம் (2014) வந்த பிறகே நண்பர் கூட்டம் எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று திரை பேசத் துணிந்தது.

படத்தின் பெண் விஷயத்துக்கு வருவோம். ஐவரின் காலம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நிற்க, அவள் காலம் மாத்திரம் உடலுக்குள், நோயாக, ஓடுகிறது. ரஸ் பாரின் நால்வருக்குப் பொதுவாயிருந்த அந்தக் கெடு இங்கே அவள் ஒருத்தியின் தலையில் விழுந்து மரணமாக முடிகிறது. பிழைப்பு என்ற கேள்வியின் பாரத்தைப் படம் ஆண்கள்மேல் மட்டுமே ஏற்றுகிறது. இன்று ஓசூர் வட்டாரத்து டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை செய்வோருள் மிகப் பெரும்பகுதியினர் இளம் பெண்கள். விடுதி அறையில் கூடி வாழும் அவர்களுக்குச் சம்பளக் கெடு ஒன்று, ஊரிலிருந்து போனில் வரும் கல்யாணக் கெடு மற்றொன்று. இரண்டும் ஒரே வயதில் வந்து மோதுகின்றன. 1981-இன் கதையில் ஆணுக்கொன்றும் பெண்ணுக்கொன்றுமாகப் பிரித்து வைக்கப்பட்ட இரு காலங்களும் இவர்கள் ஒவ்வொருத்தியிடமும் சேர்ந்தே இருக்கின்றன. ‘பாலைவனச் சோலை’யைத் தமிழில் மூன்றாம் முறை எடுக்க முனைபவர் எவராயினும், ஐந்து ஆண்களும் ஒரு பெண்ணும் என்ற அந்தப் பழைய அமைப்பிலேயே முதலில் கை வைக்க வேண்டியிருக்கும்.